எமன் வேடம் களைந்தவர்

முதலை விழுங்கிய பாலகனைக் காலன் மீட்டுத் தந்த தலம் என்று அவிநாசியைப் போற்றுவது சைவ மரபு. சுந்தரர் பாடினார், கொண்டுசென்ற உயிரைக் கூற்றுவன் திருப்பித் தந்தான். நாடக மேடையில் கூற்றுவனாக நின்ற ஒருவருக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவரே பின்னாளில் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெற்ற தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

1867 செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரத் தேவரின் மகனாகத் தோன்றினார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடங்கேட்டார். உடுமலைச் சரபம் முத்துச்சாமிக் கவிராயர் அவருடைய ஒருசாலை மாணாக்கர். அக்கவிராயரின் மாணவரே உடுமலை நாராயணகவி என்பதை எண்ணினால், நாடகத் தமிழ்க் கொடி ஒன்று பழனி மலையடிவாரத்திலிருந்து கொங்கு நாட்டுக்குள் படர்ந்தமை புலப்படும். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த சுவாமிகள், 24ஆம் வயதில் நாடகம் புகுந்தார்.

ஓங்கிய உருவமும் உரத்த குரலும் உடையவராதலின் இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களே அவருக்கு அமைந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் இருப்பவர் நெஞ்சிலும் அச்சம் பாயும்படி குரலெடுப்பதே அவ்வேடங்களின் இலக்கணம்.

நளதமயந்தி நாடகத்தில் ஒருமுறை அவர் சனீஸ்வரனாக நடித்தார். விடியும் வரை ஆட்டம். வேடத்தைக் கழுவுவதற்காக நீர்நிலைக்குச் சென்றபோது, அவ்வுருவை எதிர்பாராது கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள். பின்னொரு நாள் சாவித்திரி நாடகம். சத்தியவானின் உயிரைக் கவர எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்த வேகத்தைக் கண்டு, அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருக் கலைந்தது. நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சிகள் இவை.

இவற்றை நடிப்பின் வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு. சுவாமிகளின் பெருமையைப் பேசப் புகுந்த சிலரும் அவ்வாறே எழுதிவிடுகின்றனர். அது அவர் உள்ளத்தை அறியாத பேச்சு. எந்த அறமன்றமும் அவரைக் குற்றவாளி என்று கூறியிராது. அவரோ தம்மைத் தாமே கூண்டில் நிறுத்தினார். கைதட்டலுக்காகப் பேணிய குரலே ஓர் உயிரைத் தொட்டுவிட்டது என்ற எண்ணம் அவரை வாட்டியது. அன்றோடு வேடம் புனைவதை விட்டார்.

மேடையைத் துறந்தவர் துறவுள்ளத்தோடு தலயாத்திரை சென்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்று ஆதரித்தார். லய நுட்பங்களை அங்கே பயின்றதன் பயனைச் சுவாமிகளின் நாடகப் பாடல்களில் ஓடும் சந்தத்தில் காணலாம். கவிஞர்கள் கருதத்தக்க இடம் இது: நடிகராகவே நீடித்திருந்தால் இச்சந்தம் நமக்குக் கிடைத்திருக்குமா?

மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது ஆசிரியராகவே வந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, நல்லதங்காள் என ஏறத்தாழ 40 நாடகங்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். மனம்போனபடி பேசிய பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மை அவரைச் சிறுவர்கள்பால் திருப்பியது. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். எஸ்.ஜி. கிட்டப்பாவும் டி.கே.எஸ். சகோதரர்களும் அவரிடம் பயின்றவர்கள். மணம் புரியாத அவருக்கு அச்சிறுவர்களே மக்கள். பச்சிளம் பிள்ளை ஒன்றின் இழப்பால் மேடையை விட்டவர், பிள்ளைகளைக் கொண்டே மேடையை மீண்டும் கட்டினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

1921இல் பக்கவாதம் தாக்கியது. எமனாக முழங்கிய நா பேச்சிழந்தது. ஓரிரவில் நாடகம் எழுதிய கை எழுத்திழந்தது. அந்நிலையிலும் தம் பிள்ளைகளின் குழுவை விட்டு அவர் பிரியவில்லை. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருக்குச் சமாதி உள்ளது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி வணங்குகின்றனர்.