பூ காயாகும் கதை சொன்னார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்!

பூச்சிகளின் தோழர் ஃபாபர் வாழ்க்கை

பிரான்சு நாட்டின் தெற்குப் பகுதியில் அவினியோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1870-ம் ஆண்டு வாக்கில், அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். வயதான அக்காளும் தங்கையும். ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள்.

ஆசிரியர் செய்த குற்றம் என்ன? திருட்டா? மோசடியா? ஒன்றும் இல்லை. பூவில் இருந்து காயும் விதையும் எப்படி உண்டாகின்றன என்று பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அவ்வளவுதான்!

அந்த ஆசிரியரின் பெயர் ஹென்றி ஃபாபர்.

வாத்து மேய்த்த சிறுவன்

ஃபாபர் 1823-ம் ஆண்டு டிசம்பர் மாதம், செயின்ட் லெயோன் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறுவயதில் வாத்துக் குஞ்சுகளைக் குட்டைக்கு ஓட்டிச் செல்வது அவர் வேலை. வாத்துகள் நீந்தும். பையன் கல்லையும் நத்தை ஓட்டையும் பொறுக்கிச் சட்டைப்பை கிழியும் அளவுக்கு நிரப்பிக்கொள்வான். வீட்டில் திட்டு விழும்!

கொஞ்சம் வளர்ந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகச் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரெயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். பிறகு பரீட்சை எழுதி, உதவிச் சம்பளம் பெற்று, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 20 வயது நிரம்பும் முன்பே ஆசிரியர் ஆகிவிட்டார்.

தேன் காட்டிய வழி

ஒரு நாள், நிலம் அளக்கும் பாடத்துக்காக மாணவர்களை வயல் வெளிக்கு அழைத்துச் சென்றார். பையன்கள் அளக்கவில்லை. குனிந்து குனிந்து எதையோ உறிஞ்சினார்கள். என்னவென்று பார்த்தார். கற்களின் மீது ஒரு வகைத் தேனீ மண்ணால் கூடு கட்டி இருந்தது. பையன்கள் வைக்கோல் குச்சியை விட்டுத் தேன் குடித்தார்கள்!

ஆசிரியரும் ருசி பார்த்தார். தேனை விட, அந்தத் தேனீ அவர் மனதைக் கவர்ந்தது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகம் வாங்கினார். அன்று முதல் பூச்சிகளே அவர் உலகம் ஆயின.

குளவியின் ரகசியம்

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப் போல ஆக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்டு. உண்மை வேறு. மணிக்கணக்கில் வெயிலில் படுத்துக் கிடந்து ஃபாபர் அதைக் கவனித்தார்.

தாய்க் குளவி புழுவைக் கொட்டுவது கொல்வதற்கு அல்ல. அசைய முடியாமல் செய்வதற்கு. உயிரோடு கிடக்கும் புழுவை வளைக்குள் வைத்து, அதன் மீது முட்டை இடும். பிறகு வாயிலை மூடிவிட்டுப் போய்விடும். முட்டையில் இருந்து வரும் குஞ்சு, கெட்டுப்போகாத அந்த இரையைத் தின்று வளரும். தன் பிள்ளையை ஒரு போதும் பார்க்கப்போகாத தாய், அதற்கு வேண்டிய உணவை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது!

வினை வந்தது

1867-ம் ஆண்டில் கல்வி மந்திரி துருய், பெண்களுக்கும் இடைநிலைக் கல்வி வகுப்புகள் தொடங்கச் செய்தார். அவினியோனில் பாடம் நடத்தியவர் ஃபாபர்.

ஒரு பூவில் உள்ள மகரந்தத் தூள் சூல்முடியில் விழுகிறது. சூல்பை காய் ஆகிறது. உள்ளே விதை உண்டாகிறது. தோட்டத்தில் தினமும் நடக்கும் இந்தச் செய்தியைத்தான் அவர் விளக்கினார். ஆனால் கன்னிப் பெண்களிடம் இதைப் பேசலாமா என்று ஊரில் ஒரு கூட்டம் கொதித்து எழுந்தது. வகுப்பு போயிற்று. வீடும் போயிற்று. ஆசிரியர் வேலையையும் விட நேர்ந்தது.

கையில் காசு இல்லை. நண்பரான ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், எழுத்துப் பத்திரம்கூடக் கேட்காமல் 3,000 பிராங்கு கடன் கொடுத்தார். ஃபாபர் ஒரேஞ்சு என்ற ஊருக்குக் குடிபோனார். பிற்பாடு அந்தக் கடனைத் தீர்த்தார்.

நாடெல்லாம் வகுப்பு

ஒரு வகுப்பறையை அடைத்தார்கள். அவர் புத்தகங்கள் எழுதினார். செடி, பூச்சி, வானம், பூமி எல்லாவற்றையும் ஒரு மாமா பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வது போல எழுதினார். நாடெங்கும் பிள்ளைகள் படித்தார்கள். அந்த வருமானம்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

1877-ல் பெரிய இடி விழுந்தது. பூச்சி தேடுவதில் துணையாக இருந்த மகன் ஜூல் 16 வயதில் இறந்துபோனான். தாம் கண்டுபிடித்த குளவிகளுக்கு மகன் பெயரைச் சூட்டி மனதைத் தேற்றிக்கொண்டார்.

1879-ல் செரிஞான் கிராமத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு நிலம் ஒன்றை வாங்கினார். ஊராருக்கு உதவாத நிலம். அவருக்கோ பூச்சிகளின் சொர்க்கம்! அங்கே ஒரு பெண் அந்துப்பூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். இரவில் சுமார் 40 ஆண் பூச்சிகள் இருட்டில் பறந்து வந்தன. மனிதர் மூக்குக்கு எட்டாத ஏதோ ஒரு மணமே அவற்றை அழைக்கிறது என்று ஊகித்தார். அப்படிப்பட்ட பொருளைப் பட்டுப்பூச்சியில் இருந்து 1959-ல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள்.

பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 10 பாகங்கள். டார்வின் அவரை மெச்சினார். ஆனால் டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசி வரை ஏற்கவில்லை.

1915-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, 91-வது வயதில் ஃபாபர் காலமானார். அவருடைய வீடும் தோட்டமும் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. அவரைத் துரத்தியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் சொன்ன பூவின் கதையோ, இன்று பள்ளிக்கூடம் போகும் பையனுக்கும் பெண்ணுக்கும் பாடம்!