சாமுவேல் இன்சல்

தொழில் பழகுதல் என்றவுடன் இயந்திரத்தின் முன் நின்று கற்கும் இளைஞனே நம் நினைவிற்கு வருவான். கடிதம் வரைதல், கணக்கு வைத்தல், கடன் பெறுதல், வாடிக்கையாளரைத் தேடுதல் முதலிய வாணிகப் பணிகளும் பழகியே அறியத்தக்கவை. மின்விளக்கை உருவாக்கிய அறிஞர்களை உலகம் நன்கு அறியும். அவ்விளக்கு எளியோர் இல்லத்திலும் எரியுமாறு, மின்சாரத்தின் விலையைக் குறைக்க வழி கண்டவர்களுள் சாமுவேல் இன்சல் ஒருவர். அவர் பொறியியல் பயின்றவர் அல்லர். எழுத்தராக இருந்தே மின்சார வாணிகத்தைப் பழகியவர்.

இன்சல் 1859-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர் குடும்பம் செல்வம் மிக்கதன்று. ஆதலின் 14-ஆம் வயதில் பள்ளியை விட்டு, ஏல வாணிக நிலையம் ஒன்றில் எடுபிடிப் பையனாக அமர்ந்தார். ஓய்வு நேரங்களை வீணாக்காது சுருக்கெழுத்தைக் கற்றுத் தேர்ந்தார். சில ஆண்டுகளில் அவ்வேலை பறிபோயிற்று. அவரோ மனம் தளரவில்லை. செய்தித்தாளில் கண்ட விளம்பரம் ஒன்றைப் பார்த்து விண்ணப்பம் எழுதினார். எடிசனின் இலண்டன் பிரதிநிதியாகிய கூரோ என்பவரிடம் செயலாளர் பணி கிடைத்தது. தம் கைவழியே சென்ற கடிதங்களைக் கொண்டு, ஐரோப்பாவில் எடிசனுக்கு இருந்த உரிமைகளையும் வரவு செலவுகளையும் அவர் நுணுக்கமாக அறிந்துகொண்டார்.

அவ்வறிவு விரைவில் பயன்பட்டது. எடிசனின் அழைப்பை ஏற்று, 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இன்சல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. நகருக்கு மின்சாரம் வழங்க எடிசன் முனைந்திருந்த காலம் அது. விளக்கு, மின்னாக்கி, மின்கம்பி ஆகியவற்றைச் செய்யத் தொழிற்சாலைகள் வேண்டும்; அவற்றிற்கோ பணம் இல்லை. வந்த இரவே எடிசன் அவரை உடன் அமர்த்திக்கொண்டு ஆலோசனை நடத்தினார். ஐரோப்பியத் தொலைபேசி உரிமைகளுள் எவற்றை விற்கலாம் என்பதை அவ்விளைஞர் எடுத்துக் காட்டினார். பொழுது விடியும் நேரம் வரை அவ்வேலை நீடித்தது.

அன்றுமுதல் எடிசனின் கடிதங்களும் கணக்குகளும் இன்சலின் பொறுப்பாயின. கடன்காரர்களுக்கு விடை கூறுவதும், தொழிலாளர் கூலிக்குப் பணம் திரட்டுவதும் அவர் வேலையே. 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பெர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் வாடிக்கையாளர் 85 பேர். விளக்குகள் ஏறத்தாழ 400. பின்னர், 1886-இல் ஸ்கெனெக்டடி என்னும் ஊருக்கு மாற்றப்பெற்ற இயந்திரத் தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பும் இன்சலுக்குக் கிடைத்தது.

1892-இல் எடிசனின் நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆயிற்று. அதில் உயர்ந்த பதவி காத்திருந்தது. இன்சலோ அதனை விடுத்து, மிகக் குறைந்த ஊதியத்தில் சிக்காகோ எடிசன் என்னும் சிறிய நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். இயந்திரம் செய்து விற்பதைவிட மின்சாரம் விற்பதிலேயே எதிர்காலம் உள்ளது என்பது அவர் துணிபு.

மின்சாரம் நெல்லைப் போலக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்து விற்கும் பொருள் அன்று. அந்நாளில் அது வேண்டும் நேரத்திலேயே ஆக்கப்பட வேண்டியதாயிருந்தது. மாலையில் விளக்குகள் யாவும் ஒருங்கே எரியும். அதற்கேற்ற பெரிய இயந்திரங்கள் வேண்டும். பகலில் அவை வாளா கிடக்கும். ஆயினும் அவற்றை வாங்கிய கடனுக்கு வட்டி இரவும் பகலும் ஏறிக்கொண்டேயிருக்கும். இந்த உண்மையை இன்சல் நன்கு உணர்ந்திருந்தார். 1894-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குச் சென்றபோது, ஆர்தர் ரைட் என்பவர் அமைத்த அளவியை அங்குக் கண்டார். வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் கொள்ளும் உச்ச அளவையும் அது காட்டியது. உச்ச அளவுக்கு ஒரு கட்டணம், செலவான அளவுக்கு வேறொரு கட்டணம் என்னும் முறையைச் சிக்காகோவிலும் இன்சல் புகுத்தினார். பகலில் மின்சாரம் கொள்ளும் தொழிற்சாலைகளையும் தெருவண்டி நிறுவனங்களையும் குறைந்த விலை காட்டி ஈர்த்தார். இயந்திரங்கள் ஓய்வின்றி ஓடின; விலை மேலும் குறைந்தது. 1903-இல் 5,000 கிலோவாட் ஆற்றலுள்ள நீராவிச் சுழலியை ஃபிஸ்க் தெரு நிலையத்தில் துணிந்து நிறுவினார். நம் நாட்டிலும் பெருந்தொழிற்சாலைகள் இன்று உச்சத் தேவைக்கும் செலவான அலகுகளுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்துகின்றன.

ஆயினும் இன்சலின் பிற்கால வாழ்வு வேறு விதமாக அமைந்தது. ஒரு நிறுவனத்தின் மேல் மற்றொரு நிறுவனமாக அடுக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தம் ஆட்சியைப் பரப்பினார். கீழுள்ள மின்நிலையங்கள் நன்றாகவே நடந்தன. மேலுள்ளவையோ கடனைத் தாங்கி நின்றன. ஊழியரும் வாடிக்கையாளரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவற்றின் பங்குகளில் இட்டனர். 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1932-இல் அவ்வடுக்கு சரிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. இன்சல் பதவி துறந்து ஐரோப்பா சென்றார். 1934-இல் திருப்பிக் கொணரப்பெற்று, வழக்குகளுக்கு உள்ளானார். மூன்று வழக்குகளிலும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனால் இழந்தவர்களின் பணம் அதனால் மீளவில்லை. இத்தகைய அடுக்கு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 1935-இல் அமெரிக்க நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பாரிஸ் நகரின் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் இன்சல் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

வட்டி உறங்குவதில்லை என்னும் பாடத்தை இளமையில் கடன்காரர்களின் கடிதங்களுக்கு நடுவே கற்றவர் அவர். மின்நிலையத்தை நடத்தியபோது அப்பாடத்தை மறவாது உயர்ந்தார். நிறுவனங்களை அடுக்கியபோது அகலக்கால் வைத்து வீழ்ந்தார். தொழில் பழகும் இளைஞர் அவரிடமிருந்து உழைப்பையும் நுண்ணறிவையும் கற்கலாம். பிறர் பணத்தை ஏற்பவர், தம் பணத்தினும் அதனைக் கண்ணுங்கருத்துமாகக் காக்க வேண்டும் என்பதையும் அவ்வாழ்விலிருந்தே அறிந்துகொள்ளலாம்.