பிலிப் ஹென்ச்

பகைவரை எதிர்த்தற்கென்று அமைத்த படையே தன் நாட்டுக் குடிகளை வாட்டத் தலைப்படின் அந்நாட்டின் நிலை யாதாகும்? மனித சரீரத்திலும் இவ்விபரீதம் நிகழ்வதுண்டு. நோய்க்கிருமிகளைத் தடுத்தற்கென அமைந்த ஆற்றல் நிலை பிறழ்ந்து, உடலின் மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்கும். மூட்டுகள் வீங்கும், விரல்கள் கோணும், ஓடியாடித் திரிந்தவர் படுக்கையிற் கிடப்பர். முடக்குவாதம் எனப்படும் இக்கொடிய நோயை அடக்கவும் ஒரு வழியுண்டு என உலகிற்குக் காட்டியவர் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவ அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஹென்ச் பிறந்தார். லாபாயெட் கல்லூரியில் 1916இல் பட்டமும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1920இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவ நிலையத்தை அடைந்து, 1926இல் அங்கு வாதநோய்ப் பகுதியின் தலைவரானார். அக்காலத்தில் இந்நோயுற்றோர்க்கு மருத்துவர் அளிக்கத்தக்க ஆறுதல் மிகச் சிறிதே.

1929ஆம் ஆண்டு ஏப்ரலில் அறுபத்தைந்து வயதுடைய நோயாளர் ஒருவர் ஒரு வியப்பைக் கூறினார். அவருக்கு மஞ்சட்காமாலை கண்டவுடன் மூட்டுவலி நீங்கிற்றாம். காமாலை தீர்ந்த பின்னரும் பல மாதங்கள் அது மீளவில்லையாம். பிறர் தற்செயல் என்று தள்ளியிருப்பர். ஹென்ச் அவ்வாறு தள்ளினாரல்லர். ஒத்த நோயாளர்களைத் தேடித் தேடிக் குறித்து வைத்தார். கருவுற்ற மகளிரிடத்தும் அந்நோய் தணிதலைக் கண்டார். நோய் தீராத ஒன்றன்று. உடலிலேயே ஊறும் ஏதோவொரு பொருள் அதனை அடக்குகின்றது என்று துணிந்தார். பெயரறியா அப்பொருளை எக்ஸ் என்று வழங்கினார்.

அந்நிலையத்திலேயே எட்வர்டு கெண்டால் என்னும் இரசாயன அறிஞர், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளினின்று பல பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். அவற்றுள் ஒன்றாகிய ஈ என்னும் பொருளைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று 1941இல் இருவரும் கருதினர். ஆனால் சோதனைக்குப் போதிய அளவு கிட்டவில்லை. இரண்டாம் உலகப்போரும் குறுக்கிட்டது. ஹென்ச் இராணுவ மருத்துவப் பணி புரிந்தார். மெர்க் நிறுவனத்து லூயிஸ் சாரெட் என்பவர், மாட்டுப் பித்தத்தினின்று பெற்ற பொருளை முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மாற்றி அதனை ஆக்கும் வழியைக் கண்டார்.

1948ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், எழுந்து நடக்கவியலாதிருந்த இருபத்தொன்பது வயது மாது ஒருவருக்கு அம்மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. இரண்டு நாளில் அவர் படுக்கையில் எளிதாகப் புரண்டார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குச் சென்று வந்தார்! பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவருடைய நெஞ்சம் அன்று எத்துணை மகிழ்ந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அம்மருந்தே கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. 1950இல் ஹென்ச், கெண்டால், சுவிட்சர்லாந்தினரான ரைக்ஸ்டைன் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஹென்ச் தம் பங்கில் ஒரு பகுதியை, நோயாளர்க்குத் தொண்டு புரிந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் ரோமாபுரி சென்று வருமாறு ஈந்தார். புகழ் வந்த பொழுதும் உடனுழைத்தோரை மறவாமை பெரியோர் இயல்பன்றோ?

இம்மருந்து தொழிற்படும் முறை இன்று தெளிவாகியுள்ளது. இது உயிரணுவினுள் நுழைந்து, அங்குள்ள ஏற்பியுடன் கூடி, உட்கருவை அடைகின்றது. வீக்கத்தை மூட்டும் பொருள்களை ஆக்குமாறு அங்கிருந்து பிறக்கும் கட்டளைகளைக் குறைக்கின்றது. படை அடங்குகின்றது, மூட்டும் அமைதி பெறுகின்றது.

ஆயினும் படை அடங்கிய கோட்டையில் உண்மைப் பகைவன் புகுதல் எளிது. மருந்தை நெடுநாள் உட்கொண்டோர்க்குத் தொற்றுநோய்கள் எளிதிற் பற்றின, முகம் பருத்தது, எலும்பு மெலிந்தது, இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தது. திடீரென நிறுத்தினாலும் கேடுண்டு. வெளியிலிருந்து மருந்து வரவர, உடலின் சுரப்பிகள் தம் தொழிலை மறந்துவிடுகின்றன. ஆதலின் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும். நிறுத்தியபின் வலி திரும்புதலையும் ஹென்ச் கண்டார். கண்டதை மறைத்தாரல்லர், இது நோயை அடக்குவதேயன்றி வேரறுப்பதன்று என்பதை அவரே எடுத்துரைத்தார். உலகம் அற்புதம் என்று ஆர்ப்பரித்தபொழுது அளவறிந்து பேசிய இவ்வுண்மையையே அவருடைய பெருமைகளுள் தலையாயதாக நாம் கருதுகின்றோம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் பேரார்வம் கொண்டிருந்த இவர், 1965ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஜமேய்க்காத் தீவில் உயிர் நீத்தார். அவர் திறந்த வழி அவரோடு மூடிவிடவில்லை. கொரோனா நோய் உலகை வாட்டிய 2020இல், கார்ட்டிசோன் இனத்ததாகிய டெக்சாமெதாசோன், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்தது என இங்கிலாந்தில் நடந்த பெருஞ்சோதனை காட்டிற்று.

நோயாளர் ஒருவர் கூறிய சிறு சொல்லைச் செவிமடுத்தமையால் விளைந்த பயன் இது. கற்போராகிய நாமும் சிறியன என்று எதனையும் இகழாது, கேட்டதைக் குறித்து, காலம் வரும்வரை காத்திருக்கப் பழகுவோமாக. கிட்டிய பயனை உள்ளவாறே உரைக்கவும் துணிவோமாக.