மா. கிருஷ்ணன்: காப்புக்காட்டு எல்லையின் இருபுறமும்

இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் வரலாறு சொல்லப்படும்போது ஜிம் கார்பெட், சாலிம் அலி ஆகியோரின் பெயர்களே முன்னிற்கின்றன. சென்னையில் வாழ்ந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் தமிழ் மாணவர்களுக்கே அந்நியராக இருக்கிறார்.

1912இல் பிறந்த அவர், தமிழ் நாவலின் முன்னோடியும் பெண்ணுரிமைக்காக எழுதியவருமான அ. மாதவையாவின் மகன். பிராமணக் குடும்பம். இந்தப் பின்புலத்தை மறைத்து எழுதுவதும், அதை மட்டுமே வைத்து அவரை ஒதுக்குவதும் ஒருசேரப் பிழை. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்றார். பின்னர் சட்டமும் படித்தார். ஆயினும் வழக்குரைஞராக நிலைக்கவில்லை. (எம் தொழிலுக்கு இழப்புதான்.) 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகளை ஆற்றினார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார்.

புலி, யானை ஆகியவற்றோடு அவர் பார்வை நிற்கவில்லை. ஓணான், காகம், அணில், வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவை யாவும் அவருக்கு எழுதத்தக்கவையே. ஒரு நிலத்துக்கு உரிய செடிகொடிகளும் விலங்குகளும் அந்நிலத்திலேயே வாழவேண்டும் என்பதே அவரது அடிப்படை. வனத்துறை அயல் மரங்களை நட்டதை எதிர்த்தார். இந்திய வனவிலங்கு வாரியத்தின் உறுப்பினராக இருந்தார். 1968 முதல் 1970 வரை நேரு ஆய்வு நல்கையில் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைக் காடுகாடாக நடந்து ஆராய்ந்தார்.

அவரோடு நாம் முரண்படும் இடமும் உண்டு. மனிதத் தலையீடற்ற காப்பிடங்களே காட்டுயிரைக் காக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தனியொருவருடையது அன்று. அக்காலப் பாதுகாப்புச் சிந்தனையின் பொதுப்போக்கு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே வழியில் சென்றது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது இருளர்கள் பிழைப்பிழந்தனர். 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கும் தொழிலை அவர்களில் ஒரு பகுதியினருக்கே தந்தது. காட்டில் வாழ்வோருக்கு அங்கு உரிமை உண்டு என்று சட்டம் ஏற்க 2006 ஆயிற்று.

திருவொற்றியூரிலிருந்து அவரைப் படிக்கும்போது வேறொன்றும் உறுத்துகிறது. தென்சென்னையில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய கிண்டிப் புதர்க்காடு தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே வெளிமான் பிழைத்திருக்கிறது. வடக்கே எண்ணூர்க் கழிமுகத்துக்கு அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது. அலையாத்தியும் இறாலும் நண்டும் நீர்ப்பறவையும் கிருஷ்ணன் கணக்கில் காக்கத்தக்க மண்ணின் உயிர்களே. அவற்றுக்கு நடுவே மீனவரும், கையால் இறால் பிடிக்கும் இருளரும் வாழ்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது, அதை முதலில் கையால் அள்ளியவர்கள் அவர்கள்தாம்.

கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார்: ‘மழைக்காலமும் குயிலோசையும்’. எண்ணூர் வழக்குகளுக்காகக் கோப்பு சுமக்கும் இளைஞர்கள் அதையும் பையில் வைத்துக்கொள்ளலாம்.