தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன்

குபெர்டினோவில் குடியேறிய நம் மூத்தோர் பலர், வைத்தியர் கூறுவதற்கெல்லாம் தலையசைத்து, விளங்காத தாளில் ஒப்பமிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு, கேட்பவர் சிலரே. பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் பாதி நோய் சொல்லப்படாமலே போகும். கர்ப்பப்பை நோவைப் பேரனிடம் எந்தப் பாட்டி உரைப்பாள்?

நோயாளியின் மொழியே வைத்தியத்தின் மொழி என்று வாழ்ந்து காட்டியவர் ஓர் அமெரிக்கர் என்பதை நாம் இங்கு நினைவுகூர்கிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். 60இற்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார்.

ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். தமிழிற் பயின்றோர் தம் ஊர்களிலேயே தங்கிப் பணிபுரிவர் எனக் கருதிய கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! மாணவரைத் துணைக்கொண்டு மொழிபெயர்த்தார். கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என வெளிவந்தது. தமிழ்ச் சொல் அகப்படாதவிடத்து வடமொழியையும், அதுவும் உதவாதவிடத்து ஆங்கில ஒலியையும் கைக்கொண்டார். இரசாயன நூலின் பெயர் கெமிஸ்தம். நம் செவிக்கு இனிதன்றுதான். ஆயினும் அம்மாணவன் தன் நோயாளியின் மொழியிற் சிந்திக்கக் கற்றான். இன்று நம் பிள்ளைகளுள் வைத்தியரானோர் எத்தனை பேருக்கு அது இயலும்?

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் மொழிபெயர்ப்பை விட்டாரில்லை. கெமிஸ்தம் அச்சேறியது 1875இல். 1884இல் வூஸ்ரரில் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்பதே தம் கல்லறைக் கல்லில் இருத்தல் வேண்டுமென விரும்பியிருந்தார்.