சீனன்குடாப் புகையும் அஸ்ரனின் தராசும்

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்க் குதம் ஒன்றின்மீது விழுந்தது. குதம் நாட்கணக்கில் எரிந்தது. எண்ணெயோ விறகோ குப்பையோ அரைகுறையாக எரியும் இடமெல்லாம் பைரீன் போன்ற பல்வளைய ஐதரோகாபன்கள் உண்டாகும். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. போரின் புகையைச் சுவாசித்த எங்களுக்கு இது வேதியியல் பாடம் மட்டுமல்ல. அந்த நஞ்சு உடலுக்குள் போனதா என்று காட்டும் கருவியின் முன்னோடி, குதம் எரிந்த அந்நாளில் கேம்பிரிட்ஜில் வாழ்ந்துகொண்டிருந்த பிரான்சிஸ் வில்லியம் அஸ்ரன்.

1877 இல் பேர்மிங்காம் அருகே பிறந்தவர். பியர் வடிக்கும் ஆலையொன்றில் மூன்று ஆண்டுகள் வேதியியலாளராக வேலை பார்த்தார். கண்ணாடி ஊதுவதில் கைதேர்ந்தவர். 1910 இல் ஜே. ஜே. தொம்சனுக்கு உதவியாளரானார். முதல் உலகப் போர் அவரையும் விடவில்லை. ஆய்வைப் பாதியில் விட்டு, விமானத் துணிகளுக்கான பூச்சுகளை ஆராயப் போனார். திரும்பி வந்து 1919 இல் தன் திணிவு நிறமாலைக் கருவியைக் கட்டினார். மின்னேற்றம் பெற்ற அணுக்களை மின்புலமும் காந்தப்புலமும் வளைக்கும். திணிவுக்கேற்ப அவை புகைப்படத் தகட்டில் வெவ்வேறு இடங்களில் விழும். நியோன் 20, 22 என இரண்டாகப் பிரிந்தது. 1922 இல் நோபல் பரிசு. 212 சமதானிகளைக் கண்டறிந்தார். திருமணம் செய்யவில்லை. 1945 நவம்பரில் காலமானார்.

அவர் நிறுத்துப் பார்த்தவை அணுக்கள். பின்வந்தவர்கள் அதே வழியில் மூலக்கூறுகளை நிறுத்தார்கள். என்னைக் கவர்ந்தது மீனின் கதைதான். எண்ணெய் கலந்த நீரில் வாழும் மீனின் ஈரல் பைரீனுடன் ஒட்சிசன் அணு ஒன்றைச் சேர்த்து, கரையக்கூடிய வடிவில் பித்தப்பைக்கு அனுப்பிவிடுகிறது. பைரீனின் திணிவு 202. மாறிய ஐதரொக்சிபைரீனின் திணிவு 218. அந்தப் பதினாறுதான் சாட்சி. ஆனால் புளோரந்தீனுக்கும் திணிவு 202 என்பதால், நிறுப்பதற்கு முன் கலவையைப் பிரித்தெடுக்க வேண்டும். மனிதரில் இதே பொருளைச் சிறுநீரில் தேடுகிறார்கள். விறகடுப்புப் புகையில் சமைக்கும் பெண்களிடமும் அளந்திருக்கிறார்கள்.

மீனின் தசையை மட்டும் சோதித்தால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. அதை வைத்து, கடல் சுத்தம் என்று அறிக்கை எழுதிவிடவும் முடியும். பித்தத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் சுணங்காமல்: மீன் இரை தின்றதும் பித்தப்பை வெறுமையாகிவிடும்.