உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம்

இவ்வாண்டு மலரில் மாணவச் செல்வங்களுக்கு நாம் அறிமுகஞ் செய்ய விழைபவர், இந்தியாவின் உணவு, வேளாண்மை அமைச்சராக விளங்கிய சி. சுப்பிரமணியம் அவர்கள். பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 சனவரி 30ஆம் நாள், உழவர் குடும்பத்திற் பிறந்தார். சட்டம் பயின்றார், விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்றார். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாநிலத்தில் நிதி, கல்வி முதலிய துறைகளுக்கு அமைச்சராக இருந்தார்.

1964இல் சாஸ்திரி அமைச்சரவையில் உணவுத் துறையை ஏற்றார். அந்நாளில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. (ஈழத்தில் நாமும் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்றே சொல்லி வளர்ந்தோம்.) உழவனுக்கு நியாய விலை கிடைத்தாலன்றி விளைச்சல் பெருகாது என்பது அவர் கருத்து. 1965 சனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது; அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.

அதே மாதம் 26ஆம் நாள் இந்தி ஆட்சிமொழியாகும் நாளாக இருந்தது. தமிழ்நாடு கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். உணவு நெருக்கடி சூழ்ந்திருந்த அவ்வேளையிலும், சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பெப்ரவரியில் பதவி விலகற் கடிதம் கொடுத்தனர். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் எனப் பிரதமர் வானொலியில் உறுதியளித்த பின்னரே இருவரும் திரும்பினர். வார இறுதியில் தமிழ் பயில வரும் நம் பிள்ளைகள், பதவியிலிருந்தோரும் மொழிக்காக அதனைத் துறக்கத் துணிந்த இச்செய்தியை அறிந்திருத்தல் நன்று.

அடுத்து மழை ஈராண்டுகள் பொய்த்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் தானியக் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று. அவ்வாண்டிலேயே அமைச்சர் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். அயல்நாட்டு விதையையும் உரத்தையும் நம்புவதா என இடதுசாரிகள் எதிர்த்தனர். செலவை எண்ணி நிதித் துறையும் தயங்கியது. அவரோ தம் டெல்லி இல்லத்துப் புல்வெளியையே உழுவித்து அவ்விதையை விதைத்தார். உரமும் நிலத்தடி நீரும் மிகுதியாகச் செலவாகும் இம்முறையின் தீங்குகள் பின்னாளில் வெளிப்பட்டன; அன்று பசி முன்னின்றது.

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் வீழ்ந்து, தி.மு.க. ஆட்சி அமைத்தது. பதவி விலகல் கடிதத்தை வாக்காளர் கணக்கிற் கொள்ளவில்லை, சுப்பிரமணியமும் தோற்றார். மறு ஆண்டு கோதுமை விளைச்சல் ஒன்றரைக் கோடி டன்னைத் தாண்டியது. அரசு அஞ்சல்தலை வெளியிட்டுக் கொண்டாடியபோது, விதை கொணர்ந்தவர் அமைச்சராக இல்லை.

1969இல் காங்கிரஸ் பிளவுற்றபோது காமராசரை விட்டு இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் நிதி அமைச்சராகவும் இருந்தார். இவ்விரண்டையும் அவருடைய பெருமைகளுள் நாம் சேர்க்கவில்லை. பின்னர் மகாராட்டிர ஆளுநராயினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்று, 2000 நவம்பர் 7ஆம் நாள் சென்னையிற் காலமானார்.